கழிப்படகுக்கும் வாடகை

அர்ஜுனனின் இன்ஜின் படகுச் சத்தம் கேட்டதும் அங்கமுத்து முதுகைத் திருப்பிக்கொள்வார். தன் படகைத் தள்ளும் கழியைத் தண்ணீரில் ஊன்றி, கடல் பக்கம் பார்த்துக் காறித் துப்புவார். "இருமுது பாரு, காசம் புடிச்ச கெழவனாட்டம்." ஆனால் அந்த இருமல் கொஞ்சம் மாறினாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். "டீசல்ல தண்ணி கலந்துட்டான்" என்பார், வலை நிறைய மீன் விழுந்தவர் முகத்தோடு.

பழவேற்காட்டு ஏரியில் இத்தனை வயிற்றெரிச்சலோடு கழி தள்ளுகிறவர் வேறு யாரும் இல்லை. அர்ஜுனன் படகுக்கு நீலப் பெயின்ட் அடித்தபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ மிஞ்சிய பச்சையை வாங்கிவந்து தன் படகுக்கும் அடித்தார். அது பாதியிலேயே தீர்ந்துவிட்டது. இன்றும் முன்பாதி பச்சை, பின்பாதி மரம்.

தேர்தல் வந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். வாக்கு இயந்திரங்களைத் தீவுக் குப்பத்துக்கு ஏற்றிப்போக இன்ஜின் படகுக்குத்தான் வாடகை. அது நடு ஏரிச் சேற்றில் தரைதட்டும். பிறகு பெட்டி, போலீஸ், வாத்தியார் எல்லாரையும் கழிப்படகில் மாற்றிக் கரை சேர்ப்பவர் அங்கமுத்து. வாடகை முழுக்க அர்ஜுனனுக்கு. இவருக்கு ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம்.

"அந்தக் காலத்துல இங்க கப்பல்ல வந்த டச்சுக்காரனையே எங்காளு கழிதான் கரை சேத்துச்சு. அவங்கூட கூலி குடுத்துருப்பான்" என்று புலம்புவார்.

ஏரியில் யார் எங்கே வலை விடுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்குவார்கள். பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் விழுந்ததை இன்னொருவர் தொடக்கூடாது. போன தேர்தலுக்கு முந்தின நாள் அந்தச் சேற்றுத்திட்டு அங்கமுத்துவின் பாடு. இன்ஜின் படகு வழக்கம்போல அங்கேதான் போய் உட்கார்ந்தது.

"ஏத்துணா" என்றான் அர்ஜுனன்.

அங்கமுத்து நகரவில்லை. "இன்னிக்கு இது எம் பாடு. இதுல வுழுந்தது எறாவோ மெசினோ, என்னுது. வாடகைல பாதி குடு."

"இன்னாய்யா, எங்கள வலைல புடிச்சிட்டியா?" போலீஸ்காரர் சிரித்தார்.

தேர்தல் வேலைக்கு வந்திருந்த மீஞ்சூர் வாத்தியார் சிரிக்கவில்லை. "ஒரு படகுக்குத்தாம்பா வாடகை போடுவாங்க. போன தடவ எங்க படிக்காசே இன்னும் வரல."

"நீங்களும் கேளுங்க சார். நான் கேட்டுட்டேன்."

அர்ஜுனனும் சிரிக்கவில்லை. இன்று இவர் பாட்டை மதிக்காவிட்டால் நாளை அவன் பாட்டில் ஊரே வலை போடும். "பாதி உனுக்கு. சார் சாட்சி" என்றான். கழி சேற்றிலிருந்து கிளம்பியது.

மறுநாள் வாக்குப்பதிவு முடிந்து திரும்பிய இரவு, சொன்னபடி பாதியைக் கையில் வைத்தான் அர்ஜுனன். "போதுமா? இப்பவாச்சும் வயிறு குளுந்துச்சா?"

"உன் படகு மூஞ்சியப் பாத்தா எங்க குளுரும்?" என்று அங்கமுத்து மடியில் முடிந்துகொண்டார்.

அர்ஜுனன் பெட்டிகளோடு ஜீப் வரை மேடேறிப் போனான். அங்கமுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. தலைத் துண்டை அவிழ்த்து, நீலப் படகின் இன்ஜினில் ஒட்டியிருந்த சேற்றை, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல, மெதுவாகத் துடைத்தார்.