பீரோவுக்குப் பின்னால் முடிந்த கம்பி

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசி. கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, மேலே ஒரு வருட கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கியிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

அந்த மாடியை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். மெஷினில் தூசி படக் கூடாது என்று எல்லாரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைப்பார்கள். உள்ளே தரை முழுக்க நீலக் கார்ப்பெட். ஏ.சி.யிலிருந்து ஒழுகிய தண்ணீர் அதில் ஊறி, அதன்மேல் நாள் முழுக்க வியர்த்த கால்கள் நடந்து, ஊறவைத்துத் துவைக்க மறந்த துணியின் வாடை சுவரெல்லாம் ஏறியிருந்தது. குளிர் போய்விடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். எத்தனையோ மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போயிருக்கிறேன்.

நிலையத்தை நடத்தியவரை நாங்கள் டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். அதற்கு முன் டைப்ரைட்டிங் பள்ளி வைத்திருந்தவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதை மூடும் பிளாஸ்டிக் உறையை எடுப்பதும் போடுவதும்தான். ஆனால் வாசல் போர்டில் என்ன எழுதினால் ஆள் மாடியேறுவார்கள் என்பது நன்றாகத் தெரியும். அந்த வருடம் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: நெட்வொர்க் லேப் வசதி உண்டு.

எங்களிடம் இருந்தது நாலு கம்ப்யூட்டர். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. போர்டு எழுதிய வாரம் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து சுவரோரமாகக் கறுப்புக் கேபிள் அடித்துவிட்டுப் போனார். நான் மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நெட்வொர்க் என்றால் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அதற்கென்று ஒரு கார்டு இருக்க வேண்டும். இரண்டு மெஷினும் ஒரே விதிப்படி பேசிக்கொள்ள அதற்கான சாஃப்ட்வேர் வேண்டும். எதுவும் இல்லை. டி.வி. ஆன்டெனாவுக்குப் போடுகிற கேபிள் அது. ஒரு முனை மேஜைக்கு அடியில் செருகிக் கிடந்தது. இன்னொரு முனை பக்கத்து அறை பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்தது.

டைரக்டரிடம் கேட்டேன். பரீட்சையில் தியரிதானே கேட்கிறான், நீ தியரியை ஒழுங்காக நடத்து என்றார். எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. நடத்தினேன்.

நன்றாகவே நடத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்துக்குள் அடங்கினால் அது லேன். பாலக்கரையில் ஒரு ஆபீஸ், கன்டோன்மென்டில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று என்று ஊர் முழுக்கப் பரவினால் மேன். திருச்சியைத் தாண்டி மெட்ராஸ், பம்பாய் என்று போனால் வேன். இது பரப்பை வைத்துப் பிரிப்பது. இணைத்திருக்கும் வடிவத்தை வைத்தும் பிரிக்கலாம். ஒரே கேபிளில் எல்லா மெஷினும் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருந்தால் பஸ். நடுவில் கேபிள் அறுந்தால் மொத்தமும் படுத்துவிடும். நடுவில் ஒன்றை வைத்து அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தால் ஸ்டார்; ஒரு கேபிள் போனால் ஒரு மெஷின்தான் போகும், நடுவில் இருப்பது போனால் எல்லாமே போகும். கடைசியிலிருந்து மறுபடி முதலுக்கே வந்து வட்டமானால் ரிங். படம் போட்டு விளக்குவேன். யாராவது கை தூக்கி, நம்ம லேப்பில் இருப்பது எது மேடம் என்பார்கள். பஸ் என்பேன். சொல்லும்போதே வாயில் புளிப்பாக ஏதோ ஏறும்.

அந்த வகுப்பில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் படித்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை. தன் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை மேடம் என்று கூப்பிட்டு, நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொள்வது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாலக்கரைப் பக்கம் உள்ள ஒரு பெண்கள் பள்ளிக்குப் பொறுப்பான ஃபாதர் லேப்பைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளை இங்கே அனுப்புவார். அவர் கண்ணெதிரே நெட்வொர்க் ஓட வேண்டும்.

“எப்படி சார் ஓடும்?”

“நீ அந்த ரூம்ல உக்காரும்மா. இங்க என்ன அடிக்கிறோமோ அத நான் சத்தமா சொல்றேன். நீ அங்க அடிச்சிடு. அவ்வளவுதான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஃபாதர் வெள்ளை அங்கியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று பட்டறையில் லீவு போலிருக்கிறது. பொன்மலைக்காரர் எனக்குப் பக்கத்து மெஷினில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்ப டைரக்டருக்குத் தோன்றவில்லை.

முதலில் வரவேற்பு வாசகம். ஏற்கெனவே பேசி வைத்தது, அடித்தேன். பிறகு டைரக்டர் உற்சாகமாகி, நீங்களே ஏதாவது அடிங்க ஃபாதர் என்று சொல்லிவிட்டார். ஒற்றை விரலால் தேடித்தேடி அடிக்கும் சத்தம் கேட்டது. டைரக்டர் குரலை உயர்த்தினார். “ஃபாதர் தன்னோட ஸ்கூல் பேர அடிக்கிறாரு! பேஷ், பேஷ்!” பள்ளியின் பேரை முழுசாக ஒருமுறை தடுப்பைப் பார்த்துச் சொன்னார். நான் அடித்துவிட்டு எழுந்து ஓரமாக நின்றுகொண்டேன்.

ஃபாதர் நான் இருந்த அறைக்கு வந்து திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. திரும்பிப் போய் அந்தத் திரையைப் பார்த்தார், மறுபடி இங்கே வந்தார். தான் அடித்ததில் ஸ்கூல் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு ‘ஓ’ விட்டுப்போயிருக்கிறது, இங்கே சரியாக இருக்கிறதே என்று கேட்டார்.

பதில் சொல்ல டைரக்டருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. “அதான் ஃபாதர் நெட்வொர்க். போற வழியிலயே தப்பெல்லாம் தானா திருந்திடும்.”

ஃபாதர் வியப்பில் தலையை மெதுவாக ஆட்டினார். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நானும் திருப்பிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுத்துப் பிழையை அவர் அடித்த மாதிரியே அடிக்காமல் விட்டோமே என்றுதான் அப்போது என் மனம் கணக்குப் போட்டது. பொய் சொன்னோமே என்று அல்ல.

அவர்கள் இறங்கிப் போனதும் பொன்மலைக்காரர் எழுந்தார். சுவரோரம் குனிந்து, கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே அறையைச் சுற்றிப் போனார். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினார். கேபிள் முனை மொட்டையாக, செம்பு தெரியக் கிடந்தது. சுற்றி எலிப் புழுக்கை. மேலுறையை எலி கொறித்திருந்தது.

“இது எதோட சேந்திருக்கு மேடம்?”

“எதோடயும் இல்லீங்க.”

“அப்ப நீங்கதான் அந்த ஒயரா?” என்றார். கிண்டல் இல்லை. வேலை தெரிந்த ஒருவர் பழுதைக் கண்டுபிடித்துச் சொல்லும் குரல். கையைக் கைக்குட்டையில் துடைத்தார், நோட்டை எடுத்துக்கொண்டார், போனார். பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஃபாதரின் கடிதத்தோடு பதினோரு பெண்கள் வந்தார்கள். வையம்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வாள். மூன்று வாரம் கழித்து ஒரு தேர்வு வைத்தேன். நெட்வொர்க்கின் பயன்கள் யாவை என்று கேட்டிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: பிரின்டரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளலாம். எழுத்துப் பிழைகள் போகும் வழியில் தானாகத் திருந்தும்.

மூன்றாவது வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவள் பேப்பரோடு வந்து நின்றாள். “ஃபாதரே கண்ணால பாத்தாராம் மேடம். பிரேயர்ல சொன்னாரு.”

மற்றப் பேப்பர்களைப் புரட்டினேன். ஏழு பேர் அதையே எழுதியிருந்தார்கள். அனுப்பிய எழுத்து அனுப்பியபடியே போய்ச் சேர வேண்டும், அதுதான் நெட்வொர்க்கின் வேலை, நீ தப்பாக அடித்தால் தப்பாகத்தான் போகும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஃபாதர் சொன்னதையா, நான் சொல்வதையா? அவள் நிலையில் நானும் ஃபாதரைத்தான் நம்பியிருப்பேன்.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஃபாதரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கு அந்தப் பக்கம் அடிச்சது நீங்களா?”

“ஆமா ஃபாதர்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகளை உடனே நிறுத்திவிடுவார் என்றும் நினைத்தேன். நானூறு பிள்ளைகள் முன்னால் நின்று இதைப் பேசிவிட்டேனே என்றார். பிறகு இன்னும் தணிந்த குரலில், “நமக்குள்ளயே இருக்கட்டும்மா. பிள்ளைங்களுக்கு எப்படியும் சர்ட்டிஃபிகேட் வேணும்” என்றார்.

சரி ஃபாதர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மாடியிலிருந்து தப்பி இங்கே வந்தால் இங்கேயும் அதே ஈரக் கார்ப்பெட் விரித்திருக்கிறது என்று தோன்றியது. நல்ல மனிதர் அவர். அதனாலேயே கசப்பு அதிகமாக இருந்தது.

நேரே வகுப்புக்குப் போனேன். பதினோரு பேரையும் எழுப்பிப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், பீரோவை நகர்த்தி அந்த முனையைக் காட்டினேன். இங்கே நெட்வொர்க் கிடையாது, உண்மையான நெட்வொர்க்கை நானும் கண்ணால் பார்த்ததில்லை, நான் சொல்லித் தந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது, அது மட்டும் உண்மை என்றேன். ஃபாதர் பேச்சை எடுக்கவில்லை. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எலிப் புழுக்கையைப் பார்த்தார்கள். வையம்பட்டிப் பெண் மட்டும் என்னைப் பார்த்தாள்.

அன்று சாயந்திரமே டைரக்டர் என்னை அனுப்பிவிட்டார். போகும்முன் அந்த பேட்ச் சான்றிதழ்களில் பயிற்றுநர் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார். முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே சான்றிதழ்க் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமே தில்லைநகரில் கிளை திறந்தார்.

ஆறு மாதம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. நான் நிலையத்தை விட்டு வந்ததைக் கேள்விப்பட்டு, அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியனுப்பியது பொன்மலைக்காரர்தான். அங்கே நிஜமான லேன் இருந்தது. முதல் வாரம் ஒரு மெஷினில் நான் அடித்த எண் அடுத்த அறையில் வந்து விழுந்தபோது, யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் அந்த அறைத் தடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு வருடம் கழித்து டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலுக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். உள்ளே வந்தது வையம்பட்டிப் பெண். என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். பஸ்ஸுக்கும் ஸ்டாருக்கும் வித்தியாசம் கேட்டேன். தடங்கல் இல்லாமல் சொன்னாள், கேபிள் அறுந்தால் எது எப்படி நிற்கும் என்பது வரைக்கும். அதிகாரி அவளுடைய சான்றிதழைப் பார்த்தார். பயிற்றுநர் என்ற இடத்தில் என் பெயர். என் கை எழுதாத கையெழுத்து. டைரக்டர் கடைசி எழுத்தை நீளமாக இழுத்து ஒரு சுழியும் போட்டிருந்தார்.

“இது உங்க சைன்தானே?”

அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

“ஆமா சார்” என்றேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. கெட்டிக்காரி, வேலைக்குத் தகுதியானவள். அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.