பாப்பா அப்பாவின் பெயர்

எண்பதுகளின் பின்பாதியில் நாங்கள் ஆவடி பருத்திப்பட்டில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். பகலில் எனக்கு வங்கியில் கிளார்க் வேலை. மாதத்தில் ஐந்தாறு நாள் சாயங்காலம் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பேன். நிரந்தர வேலையெல்லாம் இல்லை, கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்போது தமிழில் இருந்தது ஒரே சேனல். அதனால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை என் முகம் தெரியாதவர்கள் குறைவு. கரையான்சாவடியில் வெங்காயம் வாங்கப் போனால் கடைக்காரர் நாலு வெங்காயம் கூடப் போட்டுவிட்டு, "இன்னிக்கு நியூஸ் நீயாம்மா?" என்று கேட்பார். தலைகால் புரியாமல் நடந்த காலம் அது. இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

செய்தி வாசிக்கிறவளுக்குப் பெரிய தலைவலி புடவை. நம் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே புடவையை ஒரே மாதத்தில் இரண்டு தடவை கட்டினால், "வேறு புடவை இல்லையா?" என்று நேயர்களிடமிருந்து கார்டு வரும். என்னிடம் உருப்படியாக இருந்ததே நாலு. மீதிக்குக் கை கொடுத்தவள் பக்கத்து வீட்டுப் பாப்பா அம்மா.

அவளுடைய பெண்ணை எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவோம். அதனால் அவள் பாப்பா அம்மா, அவள் வீட்டுக்காரர் பாப்பா அப்பா. தெரு முழுக்க அப்படித்தான். அவளும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், "அவரு", "ஊட்டுக்காரு" என்பதோடு சரி.

பாப்பா அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் வாசிக்கிற நாளில் தெருவில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள், ஏனென்றால் டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஏரிக் காற்றுக்கு ஆண்டெனா திரும்பிவிடும். பாப்பா அப்பா ஷிப்ட் இல்லாத நாளில் மொட்டை மாடியில் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு, "இப்போ தெரியுதா?" என்று கத்திக்கொண்டே இருப்பாராம். என் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாடியில் நின்றே பாதிச் செய்தியைத் தவறவிட்ட மனிதர். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் கட்டியிருந்தது பாப்பா அம்மாவின் அரக்கு நிறப் பட்டு. போனஸ் பணத்தில் பாப்பா அப்பா எடுத்துக் கொடுத்தது. "இத்த கட்டிகினு நான் எங்க போவப் போறேன்? நீ கட்டிகினு போ, ஊரே பாக்கட்டும்" என்று அவளே மடித்துக் கொடுத்தாள். எங்கள் டிவியோ கறுப்பு வெள்ளை. அரக்காவது பச்சையாவது, அதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கரையை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, "என் பொடவ, என் பொடவ" என்று பக்கத்தில் இருப்பவர்களை இடித்துக் காட்டுவாளாம்.

அந்தக் காலத்தில் எதிரே எழுத்து ஓடும் இயந்திரமெல்லாம் இல்லை. கையில் காகிதம். குனிந்து பார்த்து, நிமிர்ந்து வாசிக்க வேண்டும். செய்தி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, படம் ஓடிக்கொண்டிருந்த இடைவெளியில், உதவியாளர் ஒரு துண்டுக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். முன்கூட்டிப் படித்துப் பார்க்க நேரமில்லை. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் சங்கிலி அறுந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்த செய்தி. முதல் பெயரை வாசித்தேன். இரண்டாவது பெயருக்கு முன்னால் "ஆவடியை அடுத்த பருத்திப்பட்டைச் சேர்ந்த" என்று இருந்தது.

இதை எழுதக் கை கூசுகிறது. அந்த ஒரு நொடியில் எனக்குள் வந்தது சந்தோஷம். நம்ம ஊர் பெயர் டிவியில் வருகிறது, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஜனங்கள் துள்ளுவார்கள் என்று தோன்றியது. பருத்திப்பட்டு என்பதைக் கொஞ்சம் அழுத்தி, அழகாக உச்சரித்தேன். பிறகு அந்த மனிதரின் பெயரையும் வயதையும் வாசித்தேன். வானிலை வாசித்தேன். கை கூப்பி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே சிரித்து, வணக்கம் சொன்னேன்.

வெளியே வந்ததும் தயாரிப்பாளர், "கடைசி நேரத்துல கொடுத்ததைக்கூடத் தடுமாறாமப் படிச்சிட்டீங்களே" என்று பாராட்டினார். அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. செய்தி நாட்களில் வழக்கமாகத் தங்கும் அக்கா வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ரயிலில் ஆவடி வந்து இறங்கினேன். எங்கள் தெரு முனையில் தொழிற்சங்கத்துக்காரர்கள் வைத்திருந்த கரும்பலகையில் சாக்பீஸால் ஓர் இரங்கல் செய்தி எழுதியிருந்தது. நான் வாசித்த அதே பெயர். அட, நம்ம தெருப்பக்கம்தானா, யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் திரும்பினேன். பாப்பா அம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஒரு நாற்காலியில், மாலை போட்ட பாப்பா அப்பாவின் போட்டோ.

வாசலில் நின்ற ஒருவரிடம், "எப்போங்க? என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா இது? நீதான படிச்சே? தெரியாத மாரி கேக்குறியே" என்றார்.

நான்கு வருடப் பழக்கம். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்து போட்டவர். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மந்திரிகள் பெயரும், வாயில் நுழையாத வெளிநாட்டுத் தலைவர்கள் பெயரும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளே போனேன். பாப்பா அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரியம் முடிந்து சில நாள் கழித்து, துவைத்து மடித்த பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். புடவையை மட்டும் அவள் முன்னால் வைத்தேன்.

அவள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை. "நீ பேரு சொன்னப்போ எல்லாரும் என்னையே பாத்தாங்கோ. நான் உன் மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன். கடைசில நீ சிரிச்சே. நம்ம ஆளா இருந்தா இவ சிரிப்பாளா, வேற யாரோன்னுட்டு எழுந்து ஊட்டுக்குப் போயி அவருக்குச் சோறு வடிச்சு வெச்சேன்."

சேதி சொல்லக் கம்பெனி ஜீப் வரும்வரை அந்தச் சோறு மூடியிருந்ததாம்.

"அவரு பேரே உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சே" என்றாள். புடவையை என் பக்கமே தள்ளினாள். "இது எனக்கு வாணாம். நீயே வெச்சுக்கோ." அந்த வருடக் கடைசியில் பாப்பாவை அழைத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

நான் உடனே செய்தி வாசிப்பதை விட்டுவிட்டேன் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அடுத்த வாரமே கூப்பிட்டார்கள், போனேன். அந்தப் பவிசை விட மனசு வரவில்லை. தொண்ணூறுகளில் புதுச் சேனல்களும் இளசான முகங்களும் வந்த பிறகு என்னைக் கூப்பிடுவது தானாக நின்றது. ஒரு கடிதம்கூட வரவில்லை. எனக்கு அது பெரிதாக வலிக்கவில்லை.

அந்த அரக்குப் பட்டு இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அவர் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்போது எந்தச் செய்தி முடிந்து யார் சிரித்து வணக்கம் சொன்னாலும் நான் டிவியை அணைத்துவிடுகிறேன். எங்கோ ஒருத்தி அந்தச் சிரிப்பை நம்பி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.