பதினாறு கோர்

கதவு வேலைப்பாடுகளைக் கணினியில் வரைந்து, மரம் செதுக்கும் மெஷினுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய கணினியின் பிராசசரில் நாலு கோர், அதாவது கணக்குப் போடும் நாலு மூளை. ஒரு கதவை மெஷினுக்கு ஏற்றபடி மாற்ற நாற்பது நிமிடம் எடுக்கும்.

இதே வேலையை மதுரைக்காரர் ஒருவர் சீக்கிரம் முடித்துத் தருகிறாராம். எனக்கு வேலை தரும் பட்டறைக்காரர் அவரிடம் போய்விடுவாரோ என்ற பயத்தில், போன வாரம் என் கணினியைக் கொடுத்துவிட்டு, காரைக்குடியில் சரவணனின் கணினிக் கடையில் பதினாறு கோர் உள்ள பழைய சர்வர் கணினி ஒன்றை வாங்கினேன்.

இன்று அதே கதவை ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து நிமிடம்.

மறுபடி ஓட்டினேன். அதேதான்.

சரவணனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்க சாப்ட்வேர் ரொம்பப் பழசு. ஒரு கோரைத்தான் தொடும். கண்டனூர் வீடு மாதிரிக்கா. பதினாறு அறை கட்டிப் போட்டிருக்காக, குடியிருக்கது ஒரு ஆளு. அவரும் உங்க பழைய கணினி ஆளவிட மெதுவா நடக்குறவரு."

"இத அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"எத்தனை கோர்னு மட்டுந்தானக்கா கேட்டீக."

"என் பழசு?"

"அது மறுநாளே வித்துப்போச்சு."

சாயங்காலம் பட்டறைக்காரர் கூப்பிட்டார். கதவு வேலையை மதுரைக்காரருக்கே கொடுத்துவிட்டாராம்.

இப்போது அந்த ஒற்றை ஆளுக்கும் வேலையில்லை. பதினாறு அறையும் காலி. யாராவது குடி வாரீகளா?