உள்ளே வரலாமா என்று கேட்ட அண்ணி

ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி அடுப்பங்கரை நிலைப்படிக்கு வெளியே நின்று, "அத்தை, வெங்காயம் உரிக்கட்டுங்களா?" என்று கேட்ட குரல்தான் அண்ணியைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. வாலிகண்டபுரத்திலிருந்து விக்கிரமங்கலத்துக்கு எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வெங்காயம் உரிக்க யாராவது உத்தரவு கேட்பார்களா? அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே "ம்" என்றார். அம்மாவின் அந்த ஒற்றை "ம்"முக்கு எங்கள் வீட்டில் நூறு அர்த்தம் உண்டு. சரி என்பதும் அதுதான், செய்துதான் பாரேன் என்பதும் அதுதான். எது எது என்று பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற எனக்கே சில நேரம் பிடிபடாது. வந்தவர் பாவம், என்ன செய்வார்? ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பார். உட்காரட்டுமா, குளிக்கட்டுமா, ஊருக்கு ஒரு போன் போட்டுக்கட்டுமா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கும்போது தலை குனிந்திருக்கும். பெரியவர்களிடம் ஒன்று கேட்கும்போது முகத்தைப் பார்த்துக் கேட்டால் அது கேட்பது ஆகாது, எதிர்த்து நிற்பதாகிவிடும் என்று அவருடைய வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அந்த வீட்டுப் பெண், வாயாடி, கேட்டு எதையும் செய்தவள் இல்லை. அந்தத் திமிரில்தான் அப்போது அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அண்ணி பெரம்பலூரில் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவர். தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்து வாங்கிய பட்டம். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேண்டும் என்று தெரிந்தபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆனால் யாரிடம் கேட்பது? அண்ணனிடம் கேட்டார். அண்ணன் நல்லவர்தான், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். "எனக்கென்ன, அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். அம்மாவிடம் போனால், "ஒம் மாமனாரு என்ன சொல்றாரோ" என்றார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவ புருசன் சரின்னா நமக்கென்ன?" என்றார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அடுத்தவரைக் கைகாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த வட்டத்தில் அண்ணி எத்தனை தடவை சுற்றினாரோ எனக்குத் தெரியாது. கடைசியில் ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அம்மா, "போயிட்டுத்தான் வாயேன். பால் கறக்குற நேரத்துக்கு வந்துரணும்" என்றார். அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேர்காணலுக்கு வருகிறவர்கள் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றிருந்தது. எந்தப் பாடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணி எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தில் அனுமதி கேட்பது எப்படி, கொடுப்பது எப்படி, மறுப்பது எப்படி என்கிற பாடம். "வேற பாடமே கெடைக்கலயா அண்ணி, இதத்தான் வூட்டுல நாள் பூரா நடத்துறீங்களே" என்று கேட்டுவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். கொல்லைப்புறச் சுவரில் கரித்துண்டால் எழுதி எனக்குப் பாடம் நடத்திப் பார்த்தார். பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் 'மே ஐ'. கூடப் படிக்கிறவர்களிடம் 'கேன் ஐ' போதும். இன்னும் கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் 'குட் ஐ'. கேட்பதற்கு இத்தனை வழி இருந்தால், கொடுப்பதற்கும் அத்தனை வழி இருந்தது. 'யெஸ், யூ மே' என்று சொல்லலாம், 'ஆஃப் கோர்ஸ்' என்று சொல்லலாம், 'கோ அஹெட்' என்று சொல்லலாம். மறுப்பதற்குக்கூட வருத்தம் தெரிவித்து மறுக்க வழியிருந்தது. "பாரேன் பாப்பா, வேணாம்னாலும் வேணாம்னு வாயத் தொறந்து சொல்லிடுறாங்க" என்றார் அண்ணி. அதை ஏதோ பெரிய மரியாதையைப் போலச் சொன்னார்.

நான் மாணவி. கையைத் தூக்கிக்கொண்டு, "மே ஐ ஈட் ஒன் முறுக்கு, மிஸ்?" என்றேன். "யெஸ், யூ மே" என்றார் அண்ணி. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தலை நிமிர்ந்திருந்தது, பார்வை நேராக என் முகத்தில் இருந்தது. ஒரு கையை விரித்து, எடுத்துக்கொள் என்று காட்டினார். அட, இவருக்குள் இப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. சம்பளமோ வெளியே போய்வருவதோகூட அவருக்குப் பெரிதாக இருந்திருக்காது. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் கையைத் தூக்கிக் கேட்க, சரி என்று சொல்லும் இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. அது எனக்கு அன்று முழுதாகப் புரியவில்லை, இப்போது புரிந்து என்ன பயன்?

நேர்காணல் அன்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்து அரியலூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணியின் நீலப்புடவை முழுக்க வெள்ளைத் தூசி. தட்டி, உதறி, முகம் கழுவி, பள்ளி வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். பேரைக் கூப்பிட்டார்கள். தாளாளர் அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு இப்பால் நின்று, "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்டார். சுத்தமான உச்சரிப்பு. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அண்ணியின் முதுகுதான் தெரிந்தது, உள்ளே யாரோ போனில் பேசும் சத்தம் கேட்டது. பேச்சு நீண்டுகொண்டே போனது. அண்ணி நின்றார். பிறகு இரண்டடி பின்னால் வந்து சுவரோரம் நின்றார். அண்ணிக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள், வந்தார்கள்.

"உள்ள போங்க அண்ணி!" என்று நான் பல்லைக் கடித்தேன். "வரச் சொல்லலயே பாப்பா. கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. வேணாம்னு நெனச்சிருப்பாரு" என்றார். நானே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அசிங்கப்படுத்தாத. பால் கறக்குற நேரம் ஆயிரும், கெளம்பலாம்." கண் கலங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. "கெடைக்கலீங்க அத்தை" என்றார். "சரி வுடு" என்றார் அம்மா. அண்ணன், "அதான் ஆசைப்பட்டபடி போயிட்டு வந்தாச்சே" என்றார். எங்கள் வீட்டில் ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் சரி சொல்வார்கள். அந்த ஒருமுறை தீர்ந்துபோனது. அண்ணியும் மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், சென்னைக்கு வேலைக்குப் போனார்கள். கொல்லைச் சுவருக்கு எத்தனையோ தடவை வெள்ளையடித்தாயிற்று. அப்பாவும் போய், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சமீபத்தில் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மாள். அரியலூரில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். பள்ளியின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசப் பேசத் தெரிந்தது, அன்று 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று உள்ளே போனவர் அவர்தான். "எனக்கு முன்னாடி நீலப்பொடவை கட்டுன ஒரு பொண்ணு வாசல்ல நின்னுச்சுங்க. தாளாளர் போன்ல பேசிக்கிட்டே உள்ள வாம்மான்னு கையக் காட்டிக் காட்டிக் கூப்புடுறாரு. அது தலையத் தூக்கவே இல்லையே! அப்புறம் அந்தப் பொண்ணுதான் அழகா கேட்டுச்சு, எங்கன்னு பாருன்னு ஆள் வுட்டுத் தேடுனாரு. போயிருச்சுன்னாங்க. அந்த எடந்தான் எனக்குக் கெடைச்சுது" என்றார். நான் பந்தியில் உட்காராமலே எழுந்து வந்துவிட்டேன்.

சொல்வதா வேண்டாமா என்று பல நாள் மனசுக்குள் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். போன மாதம் விக்கிரமங்கலம் போயிருந்தபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணியின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கீரை உருவிய கை நின்றுவிட்டது.

"கூப்புட்டாராமா?"

"கையக் காட்டிக் காட்டிக் கூப்புட்டாராம் அண்ணி. ஆள் வுட்டுத் தேடுனாராம்."

அண்ணி காம்பிலிருந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்ப ஒங்க அம்மாவும் போன்னுதான் சொன்னாங்க. ஒங்க அண்ணனும் வேணாங்கல. அந்த மனுசனும் வான்னுதான் கூப்புட்டிருக்காரு. ஏன் பாப்பா இத வந்து சொன்ன? இத்தினி வருசமா அந்தாளத் திட்டிக்கிட்டாச்சும் இருந்தேன். இனிமே நான் யாரத் திட்டுறது?"