நான் வெட்டிய மூன்று வரிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்காவின் குருபோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஆறு பேர் உட்காரும் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இன்டர்நெட் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் நான் அதைத் தொடலாம் என்று எங்கள் சூப்பர்வைசர், ஒரு சீனப் பெண்மணி, அனுமதி கொடுத்திருந்தார். சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தமிழ்க் குழுவின் கடிதங்களைப் படிப்பேன். ஒருவர் எழுதினால் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போய்ச் சேரும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோம். யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ எழுதுவார்கள். மலாக்காவிலிருந்து நான் ஒருத்திதான்.

சேர்ந்த முதல் மாதமே திட்டு வாங்கினேன். யாரோ எழுதிய நீண்ட கடிதத்தை அப்படியே முழுசாக வைத்துவிட்டு, அதன் அடியில் “எனக்கும் இதே கருத்துதான்” என்று ஒரு வரி போட்டிருந்தேன். குழுவை நடத்தியவர் வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழர். எல்லோரும் படிக்கும்படியே எழுதினார்: “அம்மணி, உங்கள் ஒரு வரியைத் தேடி நாங்கள் இத்தனை தூரம் இறங்கி வர வேண்டியிருக்கிறது. அடுத்தவர் எழுதியதில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள்.”

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர் அனுப்பிய விதிகளை பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யார் சொன்னது என்று மேலே குறிப்பிட வேண்டும். அவர் வரிகளுக்கு முன்னால் அம்புக்குறி நிற்க வேண்டும். நம் பதில் அதற்குக் கீழே வர வேண்டும். வெட்டிய இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி விஷயம் தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது. மற்றதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். மூன்று மாதத்தில் அந்தக் குழுவிலேயே சுருக்கமாக எழுதுகிறவள் நான்தான் என்று பெயர் வாங்கிவிட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

என் அக்காளின் கணவர் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். மாமா என்று கூப்பிடுவேன். பாயா ரும்புட் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் அந்தத் தோட்டம். தோட்டத்துக் கம்பெனி ரப்பர் மரங்களை வெட்டி வீடமைப்புக்கு நிலத்தை விற்றுக்கொண்டிருந்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாதி காலி. வெளியேறியவர்கள் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் வாடகைக்குப் போய், கிடைத்த பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் பிடிமானம். பள்ளி இருக்கும் வரை தங்களைக் கிளப்ப முடியாது என்று நம்பினார்கள். மாமாவுக்கு வேறு யோசனை. தோட்டம் போகப்போவது உறுதி, அதற்கு முன்னால் பள்ளியின் லைசன்ஸை டவுனுக்கு மாற்றிக் கட்டடம் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோட்டமும் போகும், பள்ளியும் போகும் என்பார். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பேசி, பெற்றோர் சிலரைச் சேர்த்து ஒரு குழு அமைத்திருந்தார். மனு தயாராகிக்கொண்டிருந்தது.

“நம்ம குரூப்புல எழுதுங்க மாமா, வெளியூர்ல யாருக்காவது வழி தெரிஞ்சிருக்கும்” என்று நான்தான் சொன்னேன். அவர் நான்கு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டி, அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன். நல்ல கடிதம். ஆனால் நீளம். மூன்று பேர்தான் பதில் எழுதினார்கள்.

அடுத்த வாரம் வேறு மாநிலத்து ஆள் ஒருவர், தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் சம்பளத்துக்காகத்தான் காலிப் பள்ளிகளைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் கடிதத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம், திரையில் நான்கு வரியாக மடிந்து நின்றது. பாயா ரும்புட்டில் இதே லைசன்ஸில் புதுக் கட்டடம் எழும்பி, நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்து, பஸ் வசதியும் செய்து கொடுத்த பிறகு வேண்டுமானால் தோட்டத்துப் பள்ளியை மூடிவிடலாம், அதில் தவறில்லை.

முதல் மூன்று வரிகளை வெட்டினேன். “தோட்டத்துப் பள்ளியை மூடிவிடலாம், அதில் தவறில்லை” என்ற நான்காவது வரியை மட்டும் அம்புக்குறியோடு வைத்து, கீழே எழுதினேன்: “இவரா பிடித்துத் தொங்குகிறவர்?”

தமிழில் நிபந்தனை எல்லாம் முன்னால் வந்துவிடும், முடிவு கடைசியில் தனியாக நிற்கும். கடைசி வரியை மட்டும் எடுத்தால் அதுவே முழு வாக்கியம்போல் இருக்கும். சுருக்கத்துக்காக வெட்டினேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அந்த ஒற்றை வரி எதிராளியின் வாயை அடைக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று வரியும் இருந்திருந்தால் அந்த வேகம் இருந்திருக்காது. புள்ளி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள். என் கடிதத்துக்குப் பதில் எழுதியவர் என் கேள்வியை வெட்டிவிட்டு மாமாவின் வரியை மட்டும் வைத்தார். அவருக்குப் பதில் எழுதியவர் அதையே இன்னொரு அம்புக்குறியோடு வைத்தார். மூன்றாம் நாள் மாமாவின் பெயரும், நான்கு அம்புக்குறிக்குப் பின்னால் அந்த வரியும், அதன் கீழே “தமிழ்ப்பள்ளி ஆசிரியரே இப்படிச் சொன்னால் யாரிடம் போவது?” என்ற புலம்பலும்தான் மிச்சம். மாமாவின் நீண்ட கடிதத்தைப் படித்தவர்கள்கூட அதை மறந்திருந்தார்கள்.

குழுவில் இருந்த யாரோ அதை டவுனில் தெரிந்த ஒருவருக்கு அனுப்ப, அவர் பிரிண்ட் எடுத்திருக்கிறார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போன ஜனங்கள் தோட்டத்துக் கோயில் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலையில் மாமா வகுப்புக்குப் போகும்போது, யாரோ போட்டோஸ்டாட் எடுத்து அவர் மேசையிலும் ஒன்று வைத்திருந்தார்கள்.

அக்கா ஆபீசுக்கே போன் போட்டாள்.

“ஏன்டி, அவரு எழுதுனத முழுசா போட உனக்கு எடம் இல்லாம போச்சா?”

“அக்கா, நான்…”

“கம்பெனிக்காரன்கிட்ட கைநீட்டி வாங்கிட்டாராம்லா. சொல்றாங்க. அவரு அந்தத் தாள வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. வந்து பாரு.”

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. குழுவை நடத்தியவருக்குத் தனியாக எழுதினேன். என் கடிதத்தை அழித்துவிடுங்கள், எல்லோருடைய பெட்டியிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அங்கே அப்போது என்ன நேரமோ தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்து எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து சூப்பர்வைசர் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். பதில் வரவில்லை.

அடுத்த நாள்தான் வந்தது. அவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். போன கடிதத்தைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார். விவாதம் சூடாகிவிட்டதால் அந்தத் தலைப்பை மூடிவிட்டதாகவும், வேண்டுமானால் புதுத் தலைப்பில் ஒரு திருத்தம் போடலாம் என்றும் சொன்னார். போட்டேன். மூன்று வரிகளையும் சேர்த்து, என் தவறு என்று எழுதி, மன்னிப்புக் கேட்டு. ஒருவர் மட்டும் பதில் போட்டார், “பழைய விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள்” என்று. கோயில் பலகையைப் படித்தவர்களில் ஒருவரும் அந்தக் குழுவில் இல்லை. அவர்களுக்கு நான் எங்கே திருத்தம் போடுவது?

மாமாவின் முழுக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். லயன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாக நின்றேன். சிலர் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. ஒரு வீட்டில் மட்டும், தொழிற்சாலை சட்டையோடு துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு தாய் நான் நீட்டியதை வாங்கி, வீட்டில் இருந்த கோயில் பலகைத் தாளின் நகலோடு வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் மாமாவின் வகுப்பு.

“இதுவும் கம்ப்யூட்டர்ல வந்தது, அதுவும் கம்ப்யூட்டர்ல வந்தது. எத நம்புறது சொல்லு?”

“இதுதான் முழுசு, அக்கா. அதுல நான் வெட்டிட்டேன்.”

“நீ சாரோட மச்சினிச்சிதானே?”

“ஆமா.”

“அப்புறம் வேற என்னா சொல்லுவே நீ?” கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார். “அடுத்த மாசம் வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடம் இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தோம். போ, தங்கச்சி.”

திங்கட்கிழமை மாமாவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் குறைந்தது.

வாரக் கடைசியில் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். மாமா வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் போனேன். எழுந்து நின்று, “தப்பு என்னுது” என்றேன். சத்தம் அடங்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒருவர், “படிக்கட்டும்லா, விடுங்க” என்று கையைத் தூக்கினார். முழுக் கடிதத்தையும் வாசிக்க ஆரம்பித்தேன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்துக்குள் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு வந்தபோது கட்டடம், பஸ் எல்லாம் யார் காதிலும் விழவில்லை. “மூடிவிடலாம்” என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

“பாத்தியா, அதே வார்த்ததான்! அவரே எழுதியிருக்காரு!”

நாற்காலிகள் இழுபட்டன. நான் இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தேன். குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. மாமா வந்து கையிலிருந்த தாளை வாங்கி மடித்தார். “போதும்மா. வா, போகலாம்.”

அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கிளேபாங் கடற்கரைக்கு விட்டார். சாலையோரக் கடை ஒன்றில் பால் கலக்காத தேநீர், இரண்டு தே ஓ வாங்கினார். வெயில் இன்னும் இருந்தது. கடல் பின்வாங்கிச் சேறு தெரிந்தது. நான் குடிக்கவில்லை.

“மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார்.

“மாமா, வேணாம் மாமா. நான் பேப்பர்ல எழுதுறேன், எல்லாருக்கும்…”

“எழுதி?” அவர் என்னைப் பார்க்கவில்லை. “நான் இருந்தா புள்ளைங்க வரமாட்டாங்க. புள்ளைங்க வரலேன்னா இப்பவே மூடிடுவாங்க. நான் போனா வருவாங்க.”

“மனு?”

“யாராவது எடுத்துக் குடுப்பாங்க.”

யாரும் கொடுக்கவில்லை. பள்ளியை மாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தால் அவன் கம்பெனி ஆள் என்று ஆகிவிட்டிருந்தது. குழுவில் இருந்த பெற்றோர் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். மாமா சொன்னதுபோல் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். லயன் வீடுகள் காலியாகக் காலியாக மறுபடி குறைந்தார்கள். சில காலம் கழித்து, கடைசி மூன்று நான்கு பிள்ளைகளை வேறு பள்ளிக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு அந்தக் கட்டடத்தைப் பூட்டினார்கள். டவுனில் கட்டடம் எழும்பவில்லை. அந்தத் தாயின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று விசாரித்தேன். தெரிந்துகொள்ள முடியவில்லை.

மாமாவுக்கு வேறு மாநிலத்தில் இடம் கிடைத்தது. அக்கா வீட்டைக் காலி செய்த நாளில் போனேன். அதற்குள் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. லாரியில் அலமாரியை ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறு பக்கம் அவள். ஏற்றி வைத்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

“அவரு உன்ன ஒரு வார்த்த திட்டல. அதான்டி எனக்குத் தாங்கல.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அடுத்த பெட்டியை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகும் சில மாதம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குழுவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தலைப்புகளை மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் யாரோ புதிதாகச் சேர்ந்தவர், நீண்ட கடிதம் முழுவதையும் வைத்து அடியில் ஒரு வரி போட்டிருந்தார். எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெட்டாதீர்கள் என்று சொல்ல முடியாது. வெட்டுங்கள் என்று சொல்லவும் கை வரவில்லை. மணி இரண்டு ஆனதும் அனுப்பாமலேயே மூடிவிட்டு, அன்றைய டைப்பிங்கை எடுத்தேன்.