அயுத்தயாவில் கழற்றிய சப்பாத்து

மெல்பேர்ணில் வெரிபீப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஸ்ரீகாந்தனைத் தெரியாமல் இருக்காது. குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் பதிப்பதில் கெட்டிக்காரர், அதைவிடப் பெரிய வாயாடி. பதித்தது காய்வதற்குள் தன் கதை முழுவதையும் கொட்டிவிடுவார்: படகில் வந்தது, விசாவுக்குத் தவம் கிடந்தது, மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த மகள் தாட்சாயினி இப்போது வளர்ந்து நிற்பது.

போன வருடம்தான் நிரந்தர விசா கிடைத்தது. ஊருக்குப் போக இன்னமும் பயம். அதனால் மனைவி நிரஞ்சினியையும் மகளையும் பாங்கொக்குக்கு வரச் சொன்னார். பிரிந்து கிடக்கிற எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் இப்படி யாரோ ஒருவருடைய நாட்டில் வைத்துத்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

தொலைபேசியில் அப்பா அப்பா என்று உயிரை வாங்குகிற பிள்ளை, நேரில் கண்டதும் தாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எதைக் கேட்டாலும் ஒரு "ம்". திரையில் தெரிந்த அப்பாவைத்தான் அவளுக்குப் பிடித்திருந்ததோ என்று நினைத்து மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"முதல் ஒரு கோயிலுக்குப் போவம், மிச்சமெல்லாம் பிறகு," என்றாள் நிரஞ்சினி. அவளுக்கு எந்த நல்ல காரியமும் கோயிலில்தான் தொடங்க வேண்டும். பழைய தலைநகரம் அயுத்தயாவில் கோயில்கள் கொட்டிக் கிடக்கின்றன என்றான் ஹோட்டல்காரன். கொட்டித்தான் கிடந்தன, இடிந்துபோய். தலைமுழுகி, பூவும் கற்பூரமுமாகப் போய் இறங்கினால் கூரையில்லாத சுவர்கள், தலையில்லாத புத்தர்கள், தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள்.

"இஞ்சருங்கோ, இஞ்ச பூசையே இல்லைப் போல கிடக்கு."

"எண்டாலும் கோயில் கோயில்தானே," என்று ஸ்ரீகாந்தன் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். வேறு ஒருவரும் கழற்றவில்லை. மகள் மட்டும் தன் செருப்பைக் கழற்றி அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நிரஞ்சினி இரண்டுக்கும் காவலாக மரநிழலில் நின்றுகொண்டாள்.

நடு முற்றத்துக்குப் போன பிறகுதான் செங்கல் சுட்டது. அப்பாவும் மகளும் துள்ளினார்கள். ரைல்ஸ் வேலையில் தேய்ந்த முழங்காலோடு ஓட முடியாமல், ஒரு புத்தரின் நிழலில் ஒற்றைக் காலில் நின்றார் ஸ்ரீகாந்தன். தாட்சாயினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்பா, அசையாதேங்கோ. நான் எடுத்துக்கொண்டு வாறன்."

மனிதருக்குக் கால் சுட்டதே மறந்துபோனது.

தன் செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய சப்பாத்தைக் கையில் கொண்டு வருவதுதான் முறை. அவள் மாற்றிச் செய்தாள். அவருடைய சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, காலில் மாட்டிக்கொண்டு, தன் செருப்பைக் கையில் பிடித்தபடி, டக்கு டக்கென்று இழுத்து இழுத்து வந்தாள். மூன்று வயதில் வீடு முழுக்க இதே நடைதான். அவளுக்கு அது நினைவிருக்க நியாயமில்லை. அவருக்கு இருந்தது. வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்தார்.

"வெயில் அப்பா," என்றாள் மகள், அவருடைய கண்ணீருக்குச் சாக்குச் சொல்லுவதுபோல.

திரும்பி வந்தபோது மெல்பேர்ண் விமான நிலையத்தில் பிறநாட்டு மண்ணை உள்ளே விடாத அதிகாரி ஒருவர் சப்பாத்திலிருந்த செங்கல் மண்ணைக் கழுவிக் கொடுத்தார். மடங்கிய பின்பக்கம் மடங்கியபடியே இருந்தது.

"அண்ணை, பின்பக்கம் நசிஞ்சுபோச்சு. புதுசொண்டு வாங்குங்கோவன்," என்றான் அடுத்த நாள், கூட வேலை செய்கிற சேகர்.

"கிடக்கட்டும்," என்றார் ஸ்ரீகாந்தன். எல்லாக் கதையும் சொல்லுகிற மனிதர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பை நிமிர்த்தாமல் காலை நுழைத்து, சப்பாத்தை இழுத்து இழுத்துக் காருக்கு நடந்தார்.