இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டோ

ஓட்டோ ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்தால் மட்டும் போதாது, சனம் ஒவ்வொரு இடத்துக்கும் வைத்திருக்கும் பெயரும் தெரிய வேண்டும். சக சாரதிகளே, உங்களுக்கும் ஒரு வில்லங்கமான இடம் வாய்த்திருக்கும். தலவாக்கலையில் எனக்கு வாய்த்தது, தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் நிற்கும் பழைய கல் கட்டடம். வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடம் அது. வாசல் கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. ஆனால் எங்கள் சனத்துக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி.

விரலை வெட்டிக்கொண்டவர்

கொழும்பிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், வாழைக்காய் நறுக்கப்போய் விரலை வெட்டிக்கொண்டார். யாரோ வழி சொல்லிவிட, "மிஷன் ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று என் வண்டியில் ஏறினார். லேஞ்சித் துணி சுற்றிய விரலை நான் கவனிக்கவில்லை. கேட்ட இடத்தில் இறக்கிவிட்டேன். வராந்தாவில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. மனிதர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"டொக்டர்மார் ரெண்டு பேரும் தூங்குறாங்க. டவுனுக்கே விடுங்க."

சூடம் காட்டும் இடம்

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஆட்கள், வழியில் இந்த வாசலில் இறங்கிச் சூடம் காட்டாமல் போகமாட்டார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள் என்றால் மெழுகுதிரி. பல்வலியோடு வந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரிடம், "பள்ளிக்கூடத்துக்கா சூடம் காட்டுறீங்க?" என்று சீண்டினேன். கன்னத்தைப் பிடித்தபடியே முறைத்தார்.

"போன தடவ காட்டாமப் போயி, டவுன் ஆஸ்பத்திரி லைன்ல மத்தியானம் வரைக்கும் நின்னேன். நீங்களா வந்து நிப்பீங்க?"

டீச்சர் நட்ட போர்டு

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சரித்திர டீச்சருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. 'பழைய மிஷன் பள்ளிக்கூடம்' என்று பெரிதாக எழுதி, சந்தியில் போர்டு நட்டார். ஓட்டோ ஸ்டாண்டுக்கே வந்து எங்களுக்கும் பாடம் எடுத்தார். லயத்து வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் முதன்முதலில் எழுத்துப் படித்த இடமாம் அது. அதைப்போய் மறந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. போகும்போது என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இனி ஆஸ்பத்திரி எண்டு சொன்னா, உங்கட ஓட்டோவில நான் ஏறமாட்டன்!"

மழை நாள்

மேல் லயத்துச் செல்விக்குப் பிள்ளைவலி. அவள் புருஷன் அம்புலன்சுக்குப் போன் போட்டு, மிஷன் ஆஸ்பத்திரியில் நிற்கிறோம் என்று சொல்லியிருக்கிறான். மழைக்கு எல்லாரும் வராந்தாவுக்குள் ஒதுங்கி நின்றார்கள். வெளியூர் அம்புலன்ஸ் சாரதிக்குத் தெரிந்தது போர்டு மட்டும்தான். பள்ளிக்கூடம் என்று இருக்கவே, நிறுத்தாமல் போய்விட்டார்.

அந்த நேரம் டீச்சரை ஏற்றிக்கொண்டு நான் வந்தேன். புருஷன் நடுரோட்டில் நின்று கையைக் காட்டி, அம்புலன்ஸ் போர்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போனதைச் சொன்னான். செல்வியை ஏற்றினால், "சூடம் காட்டாம வண்டி எடுக்கக் கூடாது" என்று மாமியார் ஒரே பிடி. செல்வி கத்துகிறாள். எனக்கு உயிர் போய் வந்தது. டீச்சர் சட்டென்று இறங்கி, மாமியார் கையிலிருந்த சூடத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் மழையை மறைத்துத் தானே கொளுத்திக் கும்பிட்டார். டவுனுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நல்ல சுகம்.

அடுத்த வாரம் போர்டில் இரண்டாவது வரி முளைத்திருந்தது: 'மிஷன் ஆஸ்பத்திரிச் சந்தி.' சிவப்புப் பெயின்ட், அதே கையெழுத்து. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்? பிள்ளையள் முதல்ல சுகமாப் பிறக்கட்டும். சரியான பேரை என்ர வகுப்பில வந்து படிக்கட்டும்."

ஆக, ஒரு நாளும் ஆஸ்பத்திரியாக இருந்திராத கட்டடத்துக்காக, இன்றைக்கும் என் வண்டியில் ஒரு சூடப்பெட்டி இருக்கிறது, அது தீர்ந்தால் புதிது வாங்கி வைப்பது டீச்சர்.